ஹைக்ரோமீட்டர் 70 காட்டியும் சுருட்டு ஏன் வெடிக்கிறது?

புது மர ஹியூமிடார் (சுருட்டைக் காயாமல் வைக்கும் பெட்டி), உள்ளே ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி) 70 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் மூன்றே வாரத்தில் மேலிலை வெடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த 70-ஐச் சந்தேகப்படுங்கள். பெட்டியோடு வரும் முள் வைத்த மீட்டர்கள் பல சமயம் தவறாகவே காட்டும். அதுவும் ஈரப்பஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால், பஞ்சைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். அடியில் கிடக்கும் சுருட்டின் நிலைமை அதற்குத் தெரியாது.

சோதிக்க உப்பு போதும். பாட்டில் மூடி நிறைய உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும், கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே ஜிப் பையில் வைத்து, காற்றைப் பிதுக்காமல் மூடி 24 மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75-இல் நிற்கும். உங்கள் மீட்டர் 84 காட்டினால் 9 கூடுதல். அப்படியானால் உங்கள் 70 உண்மையில் 61தான்.

அடுத்த சந்தேகம் மரம். பெட்டியின் உட்பக்க ஸ்பானிஷ் சிடார் மரப் பலகை காய்ந்திருந்தால் பஞ்சின் ஈரத்தைக் குடிக்கும், போதாமல் சுருட்டின் ஈரத்தையும் குடிக்கும். சுருட்டுகளை வெளியே எடுத்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். வெறும் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மூடி, இரண்டு வாரம் பொறுங்கள். ஈரத்துணியால் பலகையைத் துடைக்கச் சொல்வார்கள், வேண்டாம். பலகை வளைந்தால் மூடி சரியாகப் பொருந்தாது. குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதிலுள்ள உப்புகள் பஞ்சின் துளைகளை அடைத்துவிடும்.

பஞ்சைவிட நான் சொல்வது, ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும் இருவழி பாக்கெட். 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று. இருக்கிற சுருட்டை எண்ணாதீர்கள், பெட்டியின் கொள்ளளவைப் பாருங்கள். பாக்கெட் கல்லாக இறுகினால் மாற்ற வேண்டியதுதான்.

காய்ந்த சுருட்டை நேரே 72 சதவீத ஈரத்தில் போடாதீர்கள். உள்ளிலை வீங்கும், காய்ந்த மேலிலை ஈடுகொடுக்காமல் பிளக்கும். டப்பாவில் 62 பாக்கெட்டில் (ஈரத்தை 62 சதவீதத்தில் நிறுத்துவது) இரண்டு வாரம், பிறகு 65, பிறகு 69. இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: நொறுங்கும் சத்தமில்லாமல் லேசாக அமுங்கி மீண்டு வந்தால் சரி.

வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. 25-ஐத் தாண்டினால், இலைக்குள் முட்டை இருக்கும் பட்சத்தில் புகையிலை வண்டு பொரித்துக் கிளம்பும். குண்டூசி குத்தியது போன்ற வட்டத் துளையும் அடியில் பழுப்புத் தூளும் கண்டால், எல்லாச் சுருட்டையும் இரட்டை ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃபிரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். ஆனால் ஃபிரிட்ஜையே நிரந்தர இடமாக்காதீர்கள். அந்தக் காற்று வறண்டது, சாப்பாட்டு வாசனையும் ஏறும்.

அறை குளிராமல் 26 டிகிரியிலேயே இருக்கிறது என்றால், 69 வேண்டாம், 65 பாக்கெட் போதும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேலிலையில் மட்டும் பஞ்சு போலப் படர்ந்திருந்தால் துடைத்துத் தனியே வைக்கலாம். பற்ற வைக்கும் முனையில் இறங்கியிருந்தால் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடுங்கள்.