ரீச்சரிடம் கேளுங்கள்: மைக்கைப் போட்டால் சிரிக்கிறார்கள்

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். இரவு குசினி வேலை முடிந்து, அண்ணா போனை வைத்த பிறகு, அரை மணித்தியாலம் அந்தப் போனில் ஃப்ரீ ஃபயர் என்ற சுடுகிற விளையாட்டை விளையாடுவேன். அதில் வைத்திருப்பது ஒரு பெடியனின் பெயர். மைக் போடுவதே இல்லை. போன கிழமை அவசரத்தில் மைக்கைப் போட்டு, "பின்னால வாறான், பாருங்கோ" என்று கத்திவிட்டேன். "அட, பெட்டையா? போய்க் கறியைப் பாரும் தங்கச்சி" என்று என் அணியில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அதுவரை அந்த ஆட்டத்தில் கூடச் சுட்டது நான்தான். அண்ணாவும் "உனக்கு இது சரிவராது, விடு" என்கிறார். விடவா ரீச்சர்?
- வாசகி, விசுவமடு

பதில்: விட வேண்டாம் பிள்ளை.

கூடச் சுட்டது நான்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. ஒரு பெடியன் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறான் என்றுதான் அந்த மூன்று பேரும் நினைத்திருப்பார்கள். இவ்வளவு நாளும் நீர் வென்றதெல்லாம் ஒரு பெடியன் பெயரில் ஏறியிருக்கிறது. பிறகு பெண்பிள்ளைகளுக்கும் விளையாடத் தெரியும் என்று அவர்கள் எப்படி அறிவது? பெயரை மறைத்ததை நான் பிழை சொல்லமாட்டேன். தொல்லையில்லாமல் விளையாட உமக்குக் கிடைத்த வழி அதுதான்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பித்தவள். பன்னிரண்டு கணினி, முப்பத்தாறு பிள்ளைகள், ஒன்றுக்கு மூன்று பேர். முதல் தவணை முழுக்க நான் கவனிக்காமல் விட்ட ஒன்று, மவுஸ் எந்நேரமும் ஒரு பெடியன் கையில்தான் இருந்தது. பெண்பிள்ளை பக்கத்தில் கொப்பியோடு இருந்து நான் சொல்வதை எழுதுவாள். எழுத்துச் சோதனையில் அவளுக்குக் கூடப் புள்ளி, செய்முறை என்றால் கை தடுமாறும். பிறகு என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் மவுஸ் கை மாற வேண்டும். முதல் கிழமை பெண்பிள்ளைகளே, "பரவாயில்லை ரீச்சர், அவன் செய்யட்டும்" என்றார்கள். நான் விடவில்லை. இரண்டாம் தவணை முடியும்போது அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. அண்ணாவிடம் கேட்டுப்பாரும், ஒரு நாளைக்கு அவர் எவ்வளவு நேரம் விளையாடுகிறார் என்று. நீர் அரை மணித்தியாலத்தில் பழகியவர்.

பெண்களுக்குக் கை நிதானம் வராது என்பவர்களை முகமாலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் கண்ணிவெடி எடுத்த பெண்கள் எத்தனை பேர்! கை நடுங்கினால் உயிர் போகும் வேலை அது.

வீடியோ கேம் ஆம்பிளைகளுக்கு என்று தொடங்கியதும் இல்லை. 1980இல் வந்த பக்-மான் என்ற விளையாட்டைச் செய்த தோரு இவாதானி, பெண்களும் வந்து விளையாட வேண்டும் என்று நினைத்தே அதைச் செய்தார். 1982இல் வந்த ரிவர் ரெய்ட், ஆற்றுக்கு மேலே விமானம் ஓட்டும் விளையாட்டு. அதைச் செய்தவர் கரோல் ஷா என்ற பெண். (விமானம் என்றால் எங்கள் ஊரில் வேறு நினைவு வரும். அது கிடக்கட்டும்.) 1983இல் அமெரிக்காவில் கேம் வியாபாரம் படுத்தது. பிறகு வந்த நின்டென்டோ என்ற ஜப்பான் நிறுவனம் தன் விளையாட்டுக் கருவியைப் பொம்மைக் கடைகள் வழியாக விற்றது. அந்தக் கடைகளில் ஆண்பிள்ளைக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைக்கு ஒரு பக்கம். கேம் ஆண்பிள்ளைகள் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1989இல் வந்த கைக்கருவிக்குப் பெயரே கேம் பாய்.

கொரியாவில் கெகுரி என்ற பெயரில் விளையாடிய கிம் செ-யொன்னுக்கு 2016இல் பதினேழு வயது. ஓவர்வாட்ச் என்ற சுடுகிற விளையாட்டில் அவர் குறி பார்த்துச் சுட்ட விதத்தைக் கண்டு, ஏதோ மென்பொருளை வைத்துக் களவு செய்கிறாள் என்றார்கள். தன் கையையும் திரையையும் கமெரா பார்க்க, எல்லோரும் நேரலையில் காண, அந்தப் பிள்ளை விளையாடிக் காட்டியது. களவு ஒன்றும் இல்லை. 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, அந்த விளையாட்டின் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீக்கில் விளையாடிய முதல் பெண்ணானார். ஆனால் ஒரு பெடியன் அப்படிச் சுட்டிருந்தால், கையைக் காட்டு என்று கேட்டிருப்பார்களா? எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

சரி, நீர் செய்யக்கூடியது. அணிக்கு நாலு பேர் தேவை. வகுப்பில் விருப்பமுள்ள மூன்று சிநேகிதிகளைச் சேரும். உங்களுக்குள் மைக்கைப் போட்டு, வாய்விட்டுக் கத்தி விளையாடுங்கள். வெளி ஆட்களோடு விளையாடும்போது கரைச்சல் தருபவரின் குரலை நிற்பாட்டும், முறைப்பாடும் செய்யும். முகம் தெரியாதவருக்குப் படம், ஊர், பாடசாலைப் பெயர் எதுவும் கொடுக்க வேண்டாம். பெயரை எப்போது மாற்றுவது என்று நீரே முடிவெடும், அதற்கு அவசரமில்லை. சோதனை நெருங்கினால் மட்டும் போனை அண்ணாவிடமே கொடுத்துவிடும்.

கேள்வி: மகள் போனில் சுடுகிற விளையாட்டு விளையாடுகிறாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறும். மகனும் விறாந்தையில் இருந்து அதையேதான் விளையாடுகிறான், ஆனால் அவன் ஆம்பிளைப்பிள்ளை. மகளை எப்படி நிற்பாட்டுவது?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். திருவிழாவில் வெடி கொளுத்தினால் நானும் இன்னும் சுவரோரம் போய் நிற்கிறவள்தான். ஆனால் மகன் போனில் கேட்பதும் அதே சத்தம்தானே? பிள்ளைகள் இரண்டு பேரும் 2009 போரைக் கண்டவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். அந்தச் சத்தம் உங்களை என்ன செய்கிறது என்று யாராவது சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். இயர்போன் வாங்கும்போது மகனுக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.