குற்றமற்றவரைத் தண்டிப்பது எப்படி நீதி?

வணக்கம் சகோதரரே. இயேசுவின் சிலுவை மரணத்தைப் பற்றி, "பிறர் பாவத்துக்காகக் குற்றமில்லாத மகனைத் தண்டிக்கிற தந்தை எப்படி நல்லவர்?" என்று மகள் கேட்டதும் வாயடைத்துப்போனதாக எழுதியிருந்தீர்கள். அவளை அதட்டிவிடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன இறையியலாளர் அபெலார்டும் வேதாகமத்திலுள்ள ரோமர் நிருபத்துக்கு உரை எழுதும்போது இதையேதான் கேட்டார்: குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா? சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் மனதை மாற்றுகிறது என்பது அவர் பதில்.

இயேசு நமக்குப் பதிலாகத் தண்டனை ஏற்றார் என்பதைச் சீர்திருத்த இறையியலாளர் கால்வின் போன்றோர் 16ஆம் நூற்றாண்டில் விரித்தார்கள். அது விளக்கங்களில் ஒன்றுதான்.

அப்புறம், யோவான் 10:18ஐ அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். தம் உயிரைப் பற்றி "நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார் இயேசு. அவர் இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளை அல்ல. என்னைத் தேற்றியது அந்த 'நானே'தான்.