ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குப் புது கார்புரேட்டர் எதற்கு?

கேள்வி: என்னுடையது பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. பின்னால் ஆளும் இரண்டு பை சாமானும் ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் போனால் மிஸ்ஸிங் ஆகிறது, இழுவை குறைகிறது, சில நேரம் நின்றே விடுகிறது. ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் இரண்டு முறை டியூன் செய்துவிட்டு, இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். நீண்ட பயணம் ஒன்று வருகிறது. மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம், காசை எடுத்து உள்ளே வையுங்கள். "ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி பதில் அதில் இருக்கிறது. ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்த தூசி என்ஜின் ஆறினால் விலகிவிடுமா என்ன? சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்திருக்கும் சாமான் என்றால் முதலில் ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும், அடுத்தது பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர்.

அதற்கும் முன்னால் காசே செலவாகாத ஒரு சோதனை. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளி ஓட்டை உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய், வண்டி மறுபடி ஓடும். பார்ப்பதற்கு "சூடானால் நிற்கிறது" என்பது மாதிரியே இருக்கும். அடுத்த முறை நின்றால் உடனே மூடியைத் திறங்கள் (பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது). புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் விஷயம் முடிந்தது. ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள், போதும்.

அப்படி இல்லையென்றால் டேங்க் மூடியைப் போட்டுவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க்கைப் பாருங்கள். பையில் ஒரு உபரி பிளக் வைத்திருங்கள். பிளக் மூடியைக் கழற்றி அதில் உபரி பிளக்கைச் செருகி, அதன் உலோக உடம்பு என்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து கிக் செய்யுங்கள். பழைய பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அதைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வரும். ஆறின வண்டியில் நீலமாகப் பளிச்சென்று வந்த பொறி இப்போது மஞ்சளாக மங்கியோ, வராமலேயோ இருந்தால் கார்புரேட்டர் நிரபராதி.

இனி பாயிண்ட். இரண்டு தடவை டியூன் செய்தவர் பாயிண்ட் மூடியைத் திறந்தாரா? திறந்திருக்க மாட்டார், பந்தயம் கட்டுகிறேன். கேமில் உரசும் அந்தச் சின்ன நார்க்கட்டை நாளாக நாளாகத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், ஸ்பார்க் தாமதமாகும். தாமதமாகப் பற்றினால் எரிய வேண்டியது எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வரை போகும், என்ஜின் சூடாகும், பாரம் ஏற்றினால் இழுக்காது. உங்கள் புகாரில் பாதி இது. பழைய வண்டிகள் பலவற்றில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வையுங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, இடைவெளியை முதலில் சரி செய்து, அதற்குப் பிறகுதான் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்). மாற்றிச் செய்தால் இடைவெளியைத் தொட்டதும் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும். பாயிண்ட் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் பாயிண்டோடு கண்டென்சரையும் மாற்றுங்கள். பாயிண்ட் இல்லாத சி.டி.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

என் கோபம் எல்லாம் டியூன் என்றாலே திருப்புகிற அந்த மிக்சர் ஸ்குரூ (கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) மேல்தான். அது ஐடிலுக்கும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திறந்த நிலைக்கும் மட்டுமே வேலை செய்கிறது. நெடுஞ்சாலையில் கால் முதல் முக்கால் வரை திறந்து ஓட்டும்போது கலவையைத் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். நெடுஞ்சாலைக் கோளாறுக்கு இந்த ஸ்குரூவைத் திருப்புவது பல்வலிக்குக் காலில் தைலம் தடவுகிற கதை. ஆனாலும் எல்லோர் கையும் நேராக அங்கேதான் போகிறது, ஏனென்றால் வெளியிலேயே கைக்கு எட்டுகிற ஸ்குரூ அது, திருப்பினால் சத்தமும் மாறுகிறது, வாடிக்கையாளருக்கும் ஏதோ நடந்த திருப்தி.

நீங்களே அதைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். எல்லா வண்டியிலும் அது ஒரே பக்கம் வேலை செய்யாது. ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் காற்று கூடி கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். என்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர், வெளியே திருப்பினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). திரும்பவும் சொல்கிறேன், ஃபில்டர் பக்கம் வெளியே என்றால் லீன், என்ஜின் பக்கம் வெளியே என்றால் ரிச். நண்பர் வண்டியில் பார்த்ததை உங்கள் வண்டியில் செய்து கெடுத்துக்கொள்பவர்கள் இந்த ஒரு வித்தியாசம் தெரியாதவர்கள்தான். தொடுவதற்கு முன் மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

டாப்பெட் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர், இன்டேக் ரப்பரில் விரிசல், இக்னிஷன், இத்தனையும் சரி என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். அப்போதும் கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தும் ஆள் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், ஓட்டை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான். பழசைக் கழற்றிவிட்டு "பெர்ஃபார்மன்ஸ்" காயில், பெரிய ஜெட் என்று தலையில் கட்டுபவர்களுக்கும் இதே பதில்தான். கம்பெனிகளைச் சொல்லியும் பயனில்லை, ஒரு ஓ-ரிங் கேட்டால் முழு கார்புரேட்டரையே எடுத்து நீட்டுகிறார்கள், டைமிங் அளவு போட்ட சர்வீஸ் கையேட்டை ராணுவ ரகசியம் போலப் பூட்டி வைக்கிறார்கள். அப்புறம் மெக்கானிக்குகள் காதால் கேட்டுத் திருப்பாமல் என்ன செய்வார்கள்?

எல்லாம் முடிந்ததும் வெறும் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பயணத்தில் ஏற்றப்போகும் அதே பாரத்தோடு ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஐடிலில் விடாமல் ஓரமாக நிறுத்துங்கள். கொஞ்சம் ஆறவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் கிளம்பலாம். கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்துப்போயிருந்தால் லீன், அப்போது ஊசியின் கிளிப்பை ஒரு காடி மட்டும் நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து ரிச் ஆகும், மேலே ஏற்றினால் லீன்.