முகவரிகள் வழியில் தொலையாமல் இருக்க: கேள்வி-பதில்

பல ஆண்டுகள் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் நிரலைப் பயன்படுத்திவிட்டு இப்போது தண்டர்பேர்டு என்ற இன்னொரு நிரலுக்கு மாறியிருக்கிறேன். கணக்கை இணைத்ததும் கடிதங்கள் எல்லாம் வந்துவிட்டன. சேமித்து வைத்த முகவரிகள் ஒன்றுகூட வரவில்லையே?

வராது. கணக்கை இணைக்கப் பயன்படும் ஐமேப் முறை கடிதங்களை மட்டுமே கொண்டுவரும். முகவரிப் புத்தகம் அதன் பொறுப்பில் இல்லை. அதை நீங்கள்தான் தனியே எடுத்து வர வேண்டும். அவுட்லுக்கின் பழைய பதிப்பில் ‘ஃபைல்’, ‘ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ என்று வரிசையாகப் போய், சி.எஸ்.வி. கோப்பாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய உரைக் கோப்பு) சேமியுங்கள். தண்டர்பேர்டில் ‘டூல்ஸ்’ பட்டியலில் உள்ள ‘இம்போர்ட்’ வழியாக அதை உள்ளே கொண்டுவரலாம். எந்த நெடுவரிசை எந்த விவரம் என்று அது கேட்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் தொலைபேசி எண்ணெல்லாம் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெயர்களைத் தமிழில் சேமித்திருக்கிறீர்கள் என்றால், எதையும் தொடுமுன் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

ஜிமெயிலிலிருந்து எடுத்த சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. அலுவலக நண்பர் அவுட்லுக்கிலிருந்து எடுத்ததிலோ வெறும் கேள்விக்குறிகள். இரண்டும் ஒரே கோளாறா?

இல்லை. முதலாவது பயப்பட வேண்டாதது. இரண்டாவது பயப்பட வேண்டியது.

ஜிமெயில் தரும் கோப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் எழுதக்கூடிய யு.டி.எஃப்-8 என்ற குறியீட்டு முறையில் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட் இடம் எடுக்கும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்ஸெல் அதை யு.டி.எஃப்-8 என்று உணராமல், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசித்துவிடுகிறது. கோப்புக்குள் தமிழ் பத்திரமாகவே இருக்கிறது. எனவே சேமிக்காமல் மூடுங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் புதிய எக்ஸெல் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ என்பதைச் சொடுக்கி, 65001 என்ற எண்ணுள்ள யு.டி.எஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள்.

கேள்விக்குறி வேறு கதை. அவுட்லுக்கின் பழைய பதிப்புகள் சி.எஸ்.வி. எழுதும்போது கணினியின் பழைய எழுத்துத் தொகுப்பையே பயன்படுத்துகின்றன. அதில் இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி. அந்தக் கோப்பிலிருந்து பெயரை யாராலும் மீட்க முடியாது. நண்பரிடம் அவுட்லுக்கில் உள்ள மூலத்தை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவருடையது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், உலாவியில் அவுட்லுக் தளத்தைத் திறந்து அங்கிருந்து ஏற்றுமதி செய்து பார்க்கலாம்.

எக்ஸெல் செய்யும் இன்னொரு சேட்டையையும் சொல்லிவிடுகிறேன். 91-இல் தொடங்கும் 12 இலக்கக் கைபேசி எண் இடைவெளி இல்லாமல் இருந்தால், எக்ஸெல் அதைப் பெரிய கணக்கு எண்ணாக எடுத்துக்கொண்டு, 9.19 என்று தொடங்கி +11 என்று முடியும் சுருக்கமாகக் காட்டும். முன்னால் இருந்த + குறி போய்விடும். தரைவழி எண்ணின் முதல் பூஜ்யமும் போய்விடும். இந்த நிலையில் சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் பதியும். கடைசி இலக்கங்கள் போயே போச்சு. என்னைக் கேட்டால், ஏற்றுமதி செய்த கோப்பை எக்ஸெல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. திருத்தம் எதுவானாலும் புது நிரலுக்குள் போன பிறகு செய்யலாம்.

பழைய நிரலில் இரண்டு எழுத்து அடித்தால் முழு முகவரியும் வந்து நிற்கும். மாறிய பிறகு பாதிப் பேரைக் காணோம். ஏற்றுமதியில் விட்டுப்போயிற்றா?

அவர்களை நீங்கள் சேமிக்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம். நீங்கள் யாருக்கு எழுதினாலும் நிரல் அந்த முகவரியைத் தானாகவே குறித்துக்கொள்ளும். ஜிமெயிலில் அவை ‘மற்ற தொடர்புகள்’ என்ற பகுதியில் கிடக்கும். வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்துத் தொடர்புகளில் சேர்த்த பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். தண்டர்பேர்டில் இதற்கென்றே தனி முகவரிப் புத்தகம் இருக்கிறது. அதையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அவுட்லுக் காட்டும் பரிந்துரைப் பட்டியலோ முகவரிப் புத்தகமே அல்ல, சி.எஸ்.வி.யில் வராது. அனுப்பிய கடிதங்களைப் புரட்டி முக்கியமானவர்களைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. அலுப்பான வேலைதான்.

குடியிருப்போர் சங்கத்துக்காக ஒரு குழு வைத்திருந்தேன். அதுவும் கூடவே வருமா?

அவுட்லுக்கின் சி.எஸ்.வி.யில் வராது, குழுவைத் திறந்து உரைக் கோப்பாகச் சேமித்து, முகவரிகளைப் புது இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டிலிருந்து எடுப்பதானால் எல்.டி.ஐ.எஃப். என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், குழுவும் வரும். ஜிமெயிலில் குழுவுக்கு லேபிள் என்று பெயர்; அது தன் சி.எஸ்.வி.யிலேயே லேபிள்களையும் எழுதிவிடுகிறது.

சி.எஸ்.வி., வி-கார்டு: எது நல்லது?

வி-கார்டு என்பது தொடர்பு விவரங்களுக்கென்றே உள்ள கோப்பு வடிவம். தொடர்புகளின் படங்களும் வேண்டுமென்றால் வி-கார்டு. ஆப்பிள் கைபேசிக்குப் போவதானாலும் அதுவே. அவுட்லுக்கின் பழைய பதிப்புக்குள் கொண்டுபோவதானால் சி.எஸ்.வி.; ஏனென்றால் நூறு பேர் கொண்ட வி-கார்டு கோப்பைக் கொடுத்தாலும் அது முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டு வடிவத்திலும் எடுத்து வையுங்கள், இடம் ஒன்றும் அடைக்காது.

கோப்பை ஜிமெயிலில் இரண்டு முறை ஏற்றிவிட்டேன். எல்லாரும் இரட்டையர்களாக நிற்கிறார்கள்.

ஏற்றிய ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியோடு ஒரு லேபிள் உருவாகியிருக்கும். இரண்டாவது லேபிளைத் திறந்து, அதில் உள்ள எல்லாரையும் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். இதற்கிடையில் ‘ஒன்றிணை’ பொத்தானை அழுத்தியிருந்தால் இந்த வழி சரிவராது. அப்போது அமைப்புகளில் உள்ள ‘மாற்றங்களைச் செயல்தவிர்’ வசதியால் 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குப் போகலாம்.

முன்னெழுத்தோடு சேமித்த பெயர்கள் எல்லாம் ‘எஸ்.’, ‘கே.’ என்று வரிசையாகி, யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற மேல்நாட்டுக் கட்டங்களில் நம் முன்னெழுத்து முதற்பெயராகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. சுலபமான வழி, வரிசைப்படுத்தும் முறையைக் கடைசிப் பெயருக்கு மாற்றுவது. ஜிமெயில், தண்டர்பேர்டு இரண்டிலும் அந்த வசதி உண்டு. ஆனால் முன்னெழுத்தே இல்லாமல் சேமித்த சிலர் அப்போது இடம் மாறி நிற்பார்கள். நான் முன்னெழுத்தைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு ‘சுந்தரம் வி.கே.’ என்று வைத்துக்கொள்கிறேன். கடித உறையில் அப்படி எழுதினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், கணினி சுளிப்பதில்லை.