அம்மாவோட இடுப்பு வலிக்கு 18,000 ரூபா மசாஜ் பேக்கேஜ், கட்டலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கம்மாவுக்கு 62 வயசு, சுகர் இருக்கு. எட்டு மாசமா இடுப்பு வலி. பக்கத்துல புதுசா தொறந்த மசாஜ் சென்டர்ல 15 சிட்டிங் எடுத்தா விலகுன டிஸ்க் எடத்துக்கு வந்துரும், ஒடம்புல இருக்க நச்சு எல்லாம் வெளியேறிடும்னு சொல்லி 18,000 கேக்கறாங்க. மொத்தமா கட்டுனாதான் இந்த ரேட்டாம். 3,000 அட்வான்ஸ் குடுத்துட்டோம். மீதிய கட்டவா?
- ஈரோடு வாசகி

பதில்: கட்டாதீங்கம்மா. மசாஜே வேணாம்னு சொல்லல, மொத்தமா கட்ட வேணாம்னு சொல்றேன், ரெண்டும் வேற.

மசாஜ்ல நெசமாவே பலன் இருக்கு. இறுகிக் கெடக்கற தசை தளரும், வலி கொறையும், அன்னைக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும், மாசக்கணக்கா வலியோட இருக்கவங்களுக்கு ஒருத்தர் ஒரு மணி நேரம் பொறுமையா கை வெச்சு பாக்கறதே எவ்ளோ ஆறுதல்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும். ஆனா அந்த சொகம் ரொம்ப நாள் நிக்காது. டிஸ்க்க கையால அமுக்கி உள்ள தள்ள முடியாது. நச்சு வெளியேத்தறது கிட்னியும் லிவரும் பாக்கற வேலை, எண்ணெய் தேய்ச்சு வர்றது இல்ல. இந்த ரெண்டையும் சொல்லி காசு கேக்கறாங்கன்னாலே எனக்கு அந்த எடத்து மேல நம்பிக்கை போயிடுச்சு.

இன்னொன்னு, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்னு அங்க உள்ள டாக்டர்கள் அமைப்பு 2017ல இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க. வலி வந்து 12 வாரத்துக்குள்ளன்னா மாத்திரைக்கு முன்னாடி ஒத்தடம், மசாஜ் மாதிரி பாருங்கன்னு அதுல இருக்கு. 12 வாரம் தாண்டுன வலிக்கு சொன்ன பட்டியல்ல மொதல்ல வர்றது எக்சர்சைஸ், யோகாவும் இருக்கு, மசாஜ் இல்ல. அம்மாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. அதனால ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டி அவங்களுக்கேத்த பயிற்சி கத்துக்க மொதல்ல செலவு பண்ணுங்க, கூட வேணும்னா அப்பப்ப மசாஜ் வெச்சுக்கட்டும்.

எண்ணெய் தேய்ப்புதான் அம்மாவுக்கு பிடிக்கும்னா சித்த மருத்துவத்துல தொக்கணம்னு இருக்கே, தட்டல், இறுக்கல், பிடித்தல்னு ஒன்பது வகை சொல்வாங்க. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுல போய் கேளுங்க. சென்னை பக்கம் வர்ற வேலை இருந்தா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அங்க டாக்டர் பாத்துட்டுதான் எழுதுவாங்க. எங்க போனாலும் மொதல்ல பாக்கறவர் பிஎஸ்எம்எஸ் (சித்தா), பிஏஎம்எஸ் (ஆயுர்வேதம்), பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா), பிபிடி (பிசியோதெரபி) இதுல எது படிச்சவர், பதிவு எண் என்னன்னு கூச்சப்படாம கேளுங்க. ஒரு வார கோர்ஸ் சர்டிபிகேட் மட்டும்னா நோயாளிய நம்பி ஒப்படைக்க முடியாது.

சுகர் இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதுதான் எனக்கு கவலை. எங்க பெரியம்மாவுக்கு ஒரு எடத்துல கிழி ஒத்தடம் (மூலிகைய துணியில முடிஞ்சு சூடாக்கி வைக்கறது) குடுத்தாங்க, கால்ல உணர்ச்சி கொறஞ்சிருந்ததால சூடு தெரியவே இல்ல, வீட்டுக்கு வந்து பாத்தா கொப்புளம், ஆற ஒன்றரை மாசம் ஆச்சு. அதனால பாதத்துல மரமரப்பு இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டாம சூடு எதுவும் வேணாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, எலும்பு தேய்மானம் அதிகமா இருந்தா அழுத்தி தேய்க்கக் கூடாது, முன்கூட்டியே சொல்லிடணும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அத தேய்க்கவே தேய்க்காதீங்க, உள்ள ரத்தக்கட்டி இருந்தா நகந்து நுரையீரலுக்கு போய் உயிருக்கே ஆபத்தாயிடும். இடுப்பு வலியோட மூத்திரம் போறதுல சிக்கல், தொடையிடுக்குல மரத்துப் போறதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. முடி வெட்டற எடத்துல கழுத்த வெடுக்குனு திருப்பி சொடக்கு எடுக்கறதும் வேணாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் இருக்கு.

காசு விஷயத்துக்கு வர்றேன். 18,000த்த 15ஆல வகுத்தா ஒரு சிட்டிங் 1,200. குடுத்த 3,000த்துல ரெண்டு சிட்டிங் எடுத்துக்கறோம், மீதி 600ஐ திருப்பி குடுங்கன்னு கேளுங்க, இல்ல எதுவும் எடுக்கலன்னா முழுசா கேளுங்க. வாட்ஸ்அப்லயாவது எழுத்துல கேட்டு வைங்க. கட்டுன காசுக்கு பில்லும் கேளுங்க, பில் குடுக்க மறுக்கறதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பண்ணுங்க, அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்கு கட்டணம் இல்ல. பில்லுல ஜிஎஸ்டி இருக்கான்னும் பாருங்க. முறையான மருத்துவ சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கெடையாது, போட்டிருந்தா அவங்களே அத சிகிச்சையா கணக்கு காட்டலன்னு அர்த்தம். இன்சூரன்ஸ்ல கெடைக்கும்னு சொன்னா நம்பாதீங்க, ஸ்பா மாதிரி எடத்துல எடுக்கறத பாலிசியிலயே விலக்கி வெச்சிருப்பாங்க.

கேள்வி: மசாஜ் சென்டருக்கு போறதுக்கு பதிலா மசாஜ் கன் (தசைய அதிர்ந்து தட்டற கை மெஷின்) வாங்கி குடுக்கலாமா? ஆன்லைன்ல 2,000த்துக்கு இருக்கு.
- திருச்சி வாசகர்

பதில்: ஓடி ஆடற பசங்களுக்கு தொடை, கெண்டக்கால் சதையில ஒன்னு ரெண்டு நிமிஷம் ஓட்ட பரவால்ல. வயசானவங்க முதுகெலும்பு மேல, கழுத்து முன்பக்கம் வைக்கவே கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் உண்டா இல்ல ரீப்ளேஸ்மென்ட் மட்டுமா, பேட்டரிக்கும் வாரன்ட்டி சேருமான்னு படிச்சு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.