சிறுநீரில் மிதக்கும் புரதத் துணுக்குகள்

கேள்வி: என் தந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு இயல்பாக இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். ஆனால், அல்புமின் கசியும் முன்பே, சிறுநீரிலுள்ள பெப்டைடுகளை ஆராய்ந்து சிறுநீரகப் பாதிப்பைக் கணிக்கலாம் என்று படித்தேன். இது உண்மையா? அவருக்கு அந்தச் சோதனை தேவையா? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துணுக்கு. நலமாக இருப்பவரின் சிறுநீரிலும் இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீரை எடுத்து, பெரிய புரதங்களையும் உப்பு, யூரியா போன்றவற்றையும் நீக்கி, 50 மைக்ரோமீட்டர் துளை கொண்ட நுண்குழாயில் மின்புலத்தின் விசையால் ஓடவிட்டால், துணுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவரும். குழாயின் மறுமுனையில் உள்ள நிறை நிறமாலைமானி அவற்றின் நிறையை அளந்துவிடும். இம்முறையில் 273 பெப்டைடுகளைத் தேர்ந்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய கணிப்பு முறை 2010இல் வெளியானது.

அந்த 273இல் பெரும்பாலானவை கொலாஜன் என்ற புரதத்தின் துணுக்குகள். திசுக்களைத் தாங்கி நிற்கும் கொலாஜன் ஓயாமல் உடைந்தும் புதிதாக உருவாகியும் வருவதால், உடைந்தவை சிறுநீரில் வந்து சேர்கின்றன. நோய் தொடங்கும்போது அவற்றுள் பல குறைந்துவிடுகின்றன. உடைய வேண்டிய கொலாஜன் உடையாமல் சிறுநீரகத்திலேயே தேங்கி, திசுவை நாராக இறுகச் செய்கிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வரக் கூடாத பொருள் வருவதைப் பார்த்தே பழகிய நமக்கு, வர வேண்டியது வராமல் போவதும் நோயின் அறிகுறி என்பது புதிய பாடம்.

இந்தக் கணிப்பைச் சோதிக்க, உங்கள் தந்தையைப் போலவே இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இயல்பான அல்புமின் அளவும் கொண்ட 1,775 பேரை ஐரோப்பாவின் 10 நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, ஆபத்து அதிகம் என்று பெப்டைடு சோதனை காட்டியவர்களில் 28 சதவீதத்தினருக்கும், ஆபத்து குறைவு என்று காட்டியவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பின்னர் அல்புமின் கசிவு ஏற்பட்டது. ஆனால், அதிக ஆபத்துள்ளவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, அது கசிவைத் தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொண்டதற்கு ஏற்ற மருந்து அந்த ஆய்வில் கிடைக்கவில்லை என்பதால், இச்சோதனையைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம் என்றே சொல்வேன். ஆண்டுதோறும் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துவிடுங்கள் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்). இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும்.

கேள்வி: இத்தகைய ஆய்வுக்கும் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைத்தான் கொடுக்க வேண்டுமா? – அதே வாசகி

பதில்: இல்லை. அல்புமின் சோதனைக்கு முதல் சிறுநீர் ஏற்றது. பெப்டைடு ஆய்வுக்கோ காலையில் இரண்டாம் முறை கழிப்பதன் இடைப்பகுதியைக் கேட்கிறார்கள். ஏனெனில், இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தங்கிய சிறுநீரில் நொதிகளும் நுண்ணுயிர்களும் புரதங்களை மேலும் சிதைத்திருக்கக்கூடும். சேகரித்ததை உடனே உறையவைத்துவிட வேண்டும்.