மாற்றுத்திறனாளி கொடுப்பனவு நின்றுவிட்டால் செய்யும் மேன்முறையீடு என்பது என்ன?

மாதாமாதம் வந்த கொடுப்பனவை நிறுத்திய முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்பதுதான் மேன்முறையீடு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு முதல் வாசல் அவரவர் பிரதேச செயலகம்.

ஏன் இப்படி ஒரு வழி? முடிவு பெரும்பாலும் ஆளைப் பார்த்து அல்ல, படிவத்தைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. வருமானம் கூடுதலாகப் பதிந்திருக்கலாம், மருத்துவச் சான்று பழசாகியிருக்கலாம். மின்சார பில் தாறுமாறாக வந்தால் மீற்றரைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவோமே, அதே மாதிரித்தான்.

சரி, எங்கே தொடங்குவது? நிறுத்திய காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். காரணம் தெரியாமல் எழுதும் கடிதம் கஷ்டத்தைச் சொல்லும், பிழையைத் தொடாது. தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அந்தத் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். அப்புறம் கடிதத்தில் "கால் ஏலாது" என்று மட்டும் எழுதாமல், "கிணற்றில் தண்ணீர் அள்ள இன்னொருவர் வேண்டும்" என்று விளங்க எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

பலர் பயப்படுவதுபோல இது கிராம அலுவலர்மீது போடும் முறைப்பாடு அல்ல. இதற்கு அப்புக்காத்துப் பிடிக்க வேண்டியதும் இல்லை.